லேப்டாப்புக்கு நெட்வொர்க் கார்டு: பெட்டியைப் பார்க்காதீர், சிப்பைப் பாருங்கள்



மூட்டையின் மேல் அச்சிட்ட பெயரை மட்டும் பார்த்து அரிசி வாங்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. சாக்கில் குத்தூசியைச் செருகி, மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து பார்த்து, நாலு அரிசியைக் கடித்தும் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் அதே நாம் கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகும்போது மட்டும் அட்டைப் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துப் பணத்தை நீட்டி விடுகிறோம். அப்படி நீட்டி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்தில் கற்றதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. நம் கடைகளில் உள்ள பழைய லேப்டாப்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். லினக்ஸ், ஃப்ரீ பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. ஆகியவை யூனிக்ஸ் வழி வந்த இலவச இயக்க முறைகள். லைசென்ஸ் பணம் கிடையாது. லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தது.

நானும் அப்படித்தான் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி லினக்ஸ் போட்டேன். திரை வந்தது, கீபோர்டு வேலை செய்தது, பிரிண்டர் கூட ஓடியது. வைஃபை மட்டும் இல்லை. ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய 11-ம் தேதி மாலை அது. இணையம் இல்லாத லேப்டாப் தராசுத் தட்டு இல்லாத தராசு போலத்தான். அவசரத்துக்கு யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினேன், ஓடவில்லை. வேறு கம்பெனி அடாப்டர் வாங்கினேன், அதுவும் ஓடவில்லை. மூன்றாவதும் போன பிறகு, கடைக்கு வந்த மெக்கானிக் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணாச்சி, மூணு பெட்டியும் வேற வேற பேரு. ஆனா உள்ளே இருக்கிற சிப்பு மூணுலயும் ஒண்ணுதான்.”

அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

ஏன் ஓடுவதில்லை?

நெட்வொர்க் கார்டு என்பது ஒரு சிறு பலகை. அதில் உண்மையாக வேலை செய்வது நடுவில் உள்ள சிப். அந்த சிப்போடு பேசத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர். விண்டோஸுக்கு டிரைவர் எழுதிக் கொடுப்பது கார்டு தயாரிக்கும் கம்பெனியின் வேலை. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைச் சில கம்பெனிகள் தாமே எழுதிக் கொடுக்கின்றன. சில கம்பெனிகள் சிப்பின் விவரங்களைக் கூட வெளியிடாமல் மூடி வைக்கின்றன. அப்போது ஆர்வலர்கள் கம்பெனியின் மூடிய டிரைவரைக் குடைந்து ஆராய்ந்து, சொந்தமாக எழுத வேண்டியிருக்கிறது. பிராட்காம் கம்பெனியின் சிப்புகளுக்கு அப்படித்தான் டிரைவர் வந்தது. ஆர்வலர்கள் எழுதியது 2006-ல் கெர்னலில் சேர்ந்தது. பிராட்காம் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது 2010-ல்தான்.

கேபிள் செருகும் நெட்வொர்க்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இன்டெல், ரியல்டெக் சிப்புகளுள்ள லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் பெரும்பாலும் உடனே ஓடும். தொல்லை எல்லாம் வைஃபையில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பல வைஃபை சிப்புகள் ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போதும் தம் உள்ளே ஒரு சிறு நிரலை ஏற்றிக்கொள்கின்றன. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். டிரைவர் இருந்தாலும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் கார்டு உறங்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கோப்புகள் கம்பெனிகளின் உடைமை என்பதால் டெபியன் லினக்ஸ் நெடுநாள் இவற்றைத் தன் நிறுவல் கோப்பில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல் சேர்த்தே தருகிறது. எனவே பழைய டெபியனில் ஓடாத கார்டு புதியதில் ஓடக்கூடும்.

ஒரே பெட்டி, வேறு சரக்கு

ஒரே பிராண்டு பாக்கெட்டில் போன மாதம் ஒரு மில்லின் பருப்பும், இந்த மாதம் வேறு மில்லின் பருப்பும் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். கார்டு வியாபாரத்திலும் இதே கதைதான்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் டி.பி. லிங்க் கம்பெனியின் ‘டி.எல்-டபிள்யூ.என் 722 என்’ என்னும் யூ.எஸ்.பி. அடாப்டர். அதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் கம்பெனியின் 9271 சிப் இருந்தது. லினக்ஸில் செருகியதும் ஓடும் என்று பெயர் வாங்கிய சிப் அது. இரண்டாம் பதிப்பில் அதற்குப் பதில் ரியல்டெக் சிப் வந்துவிட்டது. மாடல் பெயர் மாறவில்லை. நண்பர் சொன்னாரே என்று அதே பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் டிரைவர் தேடி அலைந்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண் மட்டுமே.

ஆகவே “இந்த மாடல் லினக்ஸில் ஓடுமா?” என்று கேட்பது அரைக் கேள்வி. “இந்த மாடலின் இந்தப் பதிப்பில் என்ன சிப்?” என்பதே முழுக் கேள்வி.

சிப்பின் அடையாள எண்

உணவுப் பாக்கெட்டில் உரிம எண் இருப்பது போல ஒவ்வொரு கார்டுக்கும் மாறாத அடையாள எண் உண்டு. அது இரண்டு பகுதி கொண்டது. முதல் பகுதி கம்பெனியைக் காட்டும், இரண்டாம் பகுதி சரக்கைக் காட்டும். உதாரணமாக 8086:2723 என்று இருந்தால், 8086 என்பது இன்டெல், 2723 என்பது அதன் ஏ.எக்ஸ். 200 கார்டு. லேப்டாப்பின் உள்ளே பொருத்தும் கார்டுகளில் ரியல்டெக்குக்கு 10இசி, பிராட்காமுக்கு 14இ4, ஏதெராஸுக்கு 168சி என்று முதல் பகுதி வரும்.

இந்த எண்ணைப் பார்ப்பது கடினம் அல்ல. லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, விவரங்கள் பகுதியில் ‘ஹார்டுவேர் ஐ.டி.’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்து எழுத்தையும் இடைவெளியின்றிச் சிறிய ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் இரண்டு ‘என்’ எழுத்தும் சேர்த்து அடியுங்கள். உள்ளே இருக்கும் கார்டுகளின் பட்டியல் எண்ணோடு வரும். யூ.எஸ்.பி. அடாப்டர் என்றால் எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று அடித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. யூ.எஸ்.பி. அடாப்டர்களில் முதல் பகுதி சில சமயம் சிப் கம்பெனியின் எண்ணாக இல்லாமல், விற்கும் கம்பெனியின் எண்ணாக இருக்கும். எனவே இரண்டு பகுதியையும் சேர்த்தே இணையத்தில் தேட வேண்டும். அப்படித் தேடினால் எந்த டிரைவர், எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து என்பது தெரிந்துவிடும்.

எந்தக் குடும்பம், என்ன குணம்?

இன்டெல்: லினக்ஸுக்குத் தானே டிரைவர் எழுதித் தரும் கம்பெனி. லேப்டாப் வைஃபைக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய 7260, 8265 முதல் ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 210 வரை நன்றாக ஓடுகின்றன. ஆனால் கெர்னலின் வயது முக்கியம். ஏ.எக்ஸ். 200-க்குக் கெர்னல் 5.1-ம், ஏ.எக்ஸ். 210-க்கு 5.10-ம் அல்லது அதற்குப் பிந்தியதும் வேண்டும். புதுக் கார்டை வாங்கிப் பழைய லினக்ஸில் போட்டால் ஓடாது. குறை கார்டில் அல்ல.

ஏதெராஸ்: பழைய லேப்டாப்களில் அதிகம் காணப்படுவது. 9000 வரிசைச் சிப்புகள் லினக்ஸிலும் பி.எஸ்.டி. முறைகளிலும் நல்ல பெயர் வாங்கியவை. வேகம் இன்றைய அளவுக்குக் குறைவு. பில் போடவும் ஜி.எஸ்.டி. தளத்துக்கும் தாராளமாகப் போதும்.

மீடியாடெக்: யூ.எஸ்.பி. அடாப்டர் தேடுவோர் கவனிக்க வேண்டிய பெயர். 7601, 7610, 7612 என்ற எண்களில் ‘யூ’ சேர்ந்து வரும் சிப்புகளுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. 2018-க்குப் பிந்தைய கெர்னல் என்றால் மூன்றும் அதில் அடங்கும்.

ரியல்டெக்: இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மலிவான யூ.எஸ்.பி. அடாப்டர்களில் அதிகம் வருவது இந்தச் சிப்புதான். சில எண்கள் உடனே ஓடும். சிலவற்றுக்கு வெளியிலிருந்து டிரைவர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தது கெர்னல் புதுப்பிக்கும்போது அறுந்து போகலாம். இன்று ஓடியது அடுத்த வாரம் ஓடாமல் போவதற்கு இதுவே காரணம். 2019-க்குப் பிறகு லேப்டாப்பின் உள்ளே வரும் பல ரியல்டெக் கார்டுகளுக்குக் கெர்னலிலேயே டிரைவர் வந்துவிட்டது. எனவே ரியல்டெக் என்றாலே ஒதுக்க வேண்டாம். எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிராட்காம்: சில சிப்புகள் திறந்த டிரைவரில் ஓடும். 43142 போன்றவற்றுக்குக் கம்பெனியின் மூடிய டிரைவர் மட்டுமே வழி. அந்த மூடிய டிரைவரைப் பிராட்காம் 2015-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் இது இருந்தால், கார்டை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

உள்ளே பொருத்துவதா, வெளியே செருகுவதா?

லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வைஃபை கார்டைப் பல மாடல்களில் கழற்றி மாற்றலாம். இதுவே நிலையான தீர்வு. ஆனால் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பொருத்தும் வாய். பழைய லேப்டாப்களில் மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், புதியவற்றில் எம்.2. ஒன்றின் கார்டு மற்றதில் நேராகப் பொருந்தாது. ஆன்டெனா வயரின் முனையும் எம்.2 கார்டில் சிறியதாக இருக்கும். சில மெல்லிய லேப்டாப்களில் வைஃபை சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றவே முடியாது.

இரண்டு, எண்ணில் உள்ள சூட்சுமம். இன்டெல் ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 210 ஆகியவை முழுக் கார்டுகள். ஏ.எக்ஸ். 201, ஏ.எக்ஸ். 211 ஆகியவை பாதிக் கார்டுகள் போன்றவை. அவற்றின் மறுபாதி வேலையைக் குறிப்பிட்ட சில இன்டெல் பிராசஸர் தொகுதிகள் செய்கின்றன. ஏ.எம்.டி. லேப்டாப்பிலோ பழைய இன்டெல் லேப்டாப்பிலோ அவற்றைப் போட்டால் உயிரே வராது. ஓர் எண் மாறினால் பணம் வீண்.

மூன்று, லேப்டாப் கம்பெனியின் பூட்டு. லெனோவோ திங்க்பேட், ஹெச்.பி. ஆகியவற்றின் பழைய மாடல்கள் சிலவற்றில் கம்பெனி அனுமதித்த கார்டுகளின் பட்டியல் பயாஸில் எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். திங்க்பேடில் 1802 என்ற பிழை எண் வந்தால் காரணம் இதுதான். வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு இந்தப் பூட்டு உண்டா என்று விசாரியுங்கள்.

நான்கு, ஆன்டெனா. கார்டில் இரண்டு முனை இருக்கும், ஆனால் சில லேப்டாப்களில் ஒரே வயர்தான் வரும். அந்த வயர் தவறான முனையில் இருந்தால் ரூட்டர் பக்கத்தில் மட்டுமே சிக்னல் கிடைக்கும். டிரைவரைக் குறை சொல்லும் முன் வயரைப் பாருங்கள். திறக்கும் முன் லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுவது அவசியம்.

உள்ளே கை வைக்க விரும்பாதவர்களுக்கு யூ.எஸ்.பி. அடாப்டர் எளிது. அதிலும் ஒரு கோளாறு உண்டு. சில அடாப்டர்கள் செருகியதும் தம்மை வைஃபை கார்டு என்று சொல்லாமல், விண்டோஸ் டிரைவர் அடங்கிய சி.டி. என்று சொல்லிக்கொள்ளும். லினக்ஸில் சி.டி. படம் மட்டும் தோன்றினால் அடாப்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதை வைஃபை நிலைக்கு மாற்றும் ‘மோட் ஸ்விட்ச்’ நிரல் லினக்ஸில் உண்டு.

பி.எஸ்.டி. போடுவோர் கவனத்துக்கு

ஃப்ரீ பி.எஸ்.டி., ஓப்பன் பி.எஸ்.டி. இரண்டும் உறுதியானவை. ஆனால் வைஃபை டிரைவர்களின் எண்ணிக்கை லினக்ஸை விடக் குறைவு. லினக்ஸில் ஓடும் கார்டு இவற்றிலும் ஓடும் என்று எண்ண வேண்டாம். அந்தந்த முறையின் கையேட்டில், அந்த டிரைவரின் பக்கத்தில், ஆதரிக்கப்படும் சிப்புகளின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தே வாங்க வேண்டும். ஓப்பன் பி.எஸ்.டி.யில் பல கார்டுகளின் ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருப்பதால், முதல் நாளில் கேபிள் இணைப்பு கையில் இருப்பது நல்லது. பில் போடும் கடை லேப்டாப்புக்கு லினக்ஸே போதும் என்பது என் கருத்து.

குத்தூசி போட்டுப் பாருங்கள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நம் குத்தூசி இதுதான். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகும்போது அந்தப் பென் டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பணம் கொடுக்கும் முன், விற்பவர் முன்னிலையிலேயே அதில் தொடங்கச் சொல்லுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்:

1. வைஃபை பெயர்கள் திரையில் தெரிகின்றனவா?

2. உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து ஒரு பக்கம் திறக்கிறதா?

3. பத்தடி தள்ளிப் போனாலும் இணைப்பு நிற்கிறதா?

4. லேப்டாப்பை மூடித் திறந்த பிறகும் வைஃபை திரும்ப வருகிறதா?

5. கேபிள் வாய் இருந்தால் அதுவும் ஓடுகிறதா?

நேரம் பதினைந்து நிமிடம்தான் ஆகும். இந்த ஐந்திலும் தேறினால் தயங்காமல் வாங்கலாம். புது அடாப்டர் வாங்குவோரும் உங்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டு போய், கடையிலேயே செருகிப் பாருங்கள். அது முடியாவிட்டால் “லினக்ஸில் ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம்” என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நம் கடையில் வாடிக்கையாளர் கேட்டால் நாம் செய்து கொடுப்பதுதானே.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள்

வைஃபை ஓடாத லேப்டாப்பில் டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நம் சட்டைப் பையிலேயே மருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் அமைப்பில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். பெரும்பாலான லினக்ஸ் முறைகளில் தனி டிரைவர் எதுவும் இல்லாமல் இணையம் வந்துவிடும். போன் வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே லேப்டாப்புக்குக் கடத்தும். அன்று 11-ம் தேதி இரவு என் ரிட்டர்ன் போனது இந்த வழியில்தான். இது தெரிந்திருந்தால் மூன்று அடாப்டர் வாங்கியிருக்க மாட்டேன்.

இணையம் வந்த பிறகு முதலில் லினக்ஸை முழுதாகப் புதுப்பியுங்கள். பல கார்டுகள் அதிலேயே எழுந்துவிடும். உபுண்டு, மின்ட் வைத்திருப்போர் டிரைவர் மேனேஜரையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அதன் பிறகும் ஓடாவிட்டால் எண்ணைப் பார்த்து வேறு கார்டு வாங்குங்கள்.

முடிவாக ஒன்று. நெட்வொர்க் கார்டு ஓடினால் மட்டும் போதாது. உங்கள் பில்லிங் மென்பொருளும், ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் லினக்ஸில் ஓடுமா என்பதையும் அதே பென் டிரைவ் சோதனையின்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு மாறினால் போதும்.

என் கடையின் மேசை இழுப்பில் அந்த மூன்று அடாப்டர்களும் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் விலையில் ஒரு நல்ல இன்டெல் கார்டு வாங்கி மாட்டியிருக்கலாம். பிறகு அதைத்தான் செய்தேன். அன்று முதல் அந்த லேப்டாப் தடையின்றி ஓடுகிறது. பெட்டியின் பெயருக்குப் பணம் கொடுக்காமல் உள்ளே இருக்கும் சரக்குக்குப் பணம் கொடுப்பது நம் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போதும் அந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.